நூற்று எழுபது மணி நேரம்

நுழையும்முன்

போரில் மாண்டவர்களுள் சிலர் பெயரால் நினைக்கப்படுகின்றனர். பலர் எண்ணிக்கையில் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றனர். முதல் உலகப்போரின்போது பிரான்ஸ் நாட்டு வானில் பறந்து, பத்தொன்பது வயதில் உயிர்நீத்த வங்க இளைஞர் ஒருவரின் வாழ்வையும் அவர் நினைவு நிலைபெற்ற விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

வங்க எழுத்துகள் பொறித்த கல்

பிரான்சின் வடகோடியில் பா-த-கலே என்னும் மாவட்டம் உள்ளது. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களால் பெயர்பெற்றிருந்த நிலப்பகுதி அது. அங்குள்ள எஸ்தவெல் என்னும் சிற்றூரின் பொது இடுகாட்டில், பிரெஞ்சுப் பெயர்கள் பொறித்த கற்களுக்கிடையே ஒரு கல்லில் மட்டும் வங்க எழுத்துகள் காணப்படுகின்றன. இது மாவீரன் ஒருவனின் கல்லறை, இதற்கு மதிப்பளியுங்கள், இதனைத் தொடாதீர்கள் என்பது அவ்வெழுத்துகளின் பொருள். அக்கல்லில் பிரெஞ்சுச் சொற்களும் உண்டு.

அங்கு உறங்குபவர் இந்திரலால் ராய். 1898ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். 1918ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அவ்வூருக்கு அருகிலுள்ள கார்வென் நகரின் மேல் நிகழ்ந்த வான்போரில் உயிர்நீத்தவர். வீழ்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. அதாவது, மேல்நிலைக் கல்வியை முடித்துக் கல்லூரியில் காலடி வைக்கும் இளைஞர் ஒருவரின் வயது.

கல்கத்தாவிலிருந்து இலண்டனுக்கு

இந்திரலாலின் தந்தை பியாரிலால் ராய் ஒரு வழக்கறிஞர். வங்கத்தின் பாரிசால் பகுதியில் நிலபுலன்களோடு வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய் லலிதா ராய், பிள்ளைகளின் கல்விக்காக அவர்களோடு இலண்டனில் வாழ்ந்தார். இந்த அன்னையைப் பற்றித் தனியே ஒரு பாடம் எழுதலாம். இங்கிலாந்தில் பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடிய காலம் அது. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் இலண்டன் வீதிகளில் பல்லாயிரம் பெண்கள் திரண்ட பேரணியில், புடவை அணிந்த இந்தியப் பெண்கள் சிலரும் நடந்து சென்றனர். அவர்களுள் லலிதா ராயும் ஒருவர். அக்காட்சியின் நிழற்படம் இன்றும் உள்ளது.

இந்திரலால் இலண்டனின் புனித பவுல் பள்ளியில் படித்தார். வீட்டில் அவருக்கு 'லாடி' என்று செல்லப்பெயர். 1914இல் போர் மூண்டபோது அவருக்குப் பதினைந்து வயது. தமையன் பரேஷ்லால் ஆங்கிலேயப் படையில் சேர்ந்து போர்முனைக்குச் சென்றார். பின்னாளில் இந்தியாவில் குத்துச்சண்டை விளையாட்டை வளர்த்தவர் என்று பெயர்பெற்றவர் இவரே. தம்பியின் நாட்டமோ வானத்தின்மேல் இருந்தது. மனிதன் விமானத்தில் பறக்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது.

இரண்டு தடைகள்

விமானியாக விரும்பிய இந்திரலாலின் முன் இரண்டு தடைகள் நின்றன. ஒன்று அவர் பிறப்பைப் பற்றியது; மற்றொன்று அவர் கண்களைப் பற்றியது.

ஆங்கிலேய இந்தியப் படையில் இலட்சக்கணக்கான இந்தியர் பணியாற்றினர். ஆயினும், மன்னரின் ஆணை பெற்ற முழு அதிகாரிப் பதவி அவர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. பல்லாண்டு அனுபவமுள்ள இந்திய அதிகாரியும், அப்போதுதான் பணியில் சேர்ந்த ஆங்கிலேய இளநிலை அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவராகவே கருதப்பட்டார். படைத்துறையில் ஒன்பது இந்தியருக்கு அப்பதவி முதன்முதலாக வழங்கப்பட்டது 1917ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான். விமானப்படையின் கதவு அதற்குச் சற்று முன்பே சிறிது திறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற ஹர்தித் சிங் மாலிக் என்னும் பஞ்சாப் இளைஞர் விமானியாக விரும்பினார். இங்கிலாந்தில் வழி கிடைக்காமற்போகவே, பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் மருத்துவ ஊர்தி ஓட்டினார். அவருடைய பேராசிரியர் விமானப்படைத் தலைவருக்கு எழுதிய பிறகே, 1917 ஏப்ரலில் அவருக்கு இடம் கிடைத்தது. கதவைத் தட்டியவர் மாலிக். அவ்வழியே அடுத்து நுழைந்த சிலருள் இந்திரலாலும் ஒருவர்.

இரண்டாம் தடை கண்பார்வை. அக்கால விமானிக்குத் தொலையுணர் கருவியோ வானொலியோ கிடையாது. கதிரவனின் ஒளிவட்டத்துக்குள் கரும்புள்ளியாகத் தோன்றும் எதிரியை அவன் நெருங்கிவரும் முன்பே கண்டுகொள்ள வேண்டும். காணத் தவறினால் உயிர் மிஞ்சாது. எனவே, மருத்துவச் சோதனையில் பார்வைக் குறையுள்ளோர் நீக்கப்பட்டனர். இந்திரலாலும் அக்காரணத்தால் மறுக்கப்பட்டார். அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கொண்டு இலண்டனின் முன்னணிக் கண் மருத்துவர் ஒருவரிடம் மறுசோதனை செய்துகொண்டார். அம்மருத்துவரின் சான்று முதல் முடிவை மாற்றியது என்று அவர் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 1917ஆம் ஆண்டு ஜூலையில் அவர் ஆங்கிலேய விமானப்படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். பயிற்சிக்குப் பின் அக்டோபர் இறுதியில் பிரான்சிலிருந்த 56ஆம் படையணியில் சேர்ந்தார்.

மரமும் துணியும்

அப்படையணியினர் ஓட்டிய விமானத்துக்கு எஸ்.இ.5ஏ என்று பெயர். இன்றைய போர் விமானத்தை மனத்தில் வைத்து அதனைக் கற்பனை செய்ய இயலாது. மரச்சட்டங்களால் கட்டி, லினன் துணியைப் போர்த்தி, அத்துணி இறுகி விறைப்பாக நிற்பதற்காக ஒருவகைப் பூச்சு பூசப்பட்ட இரட்டை அடுக்குச் சிறகுகள் கொண்டது அது. சிறகுகளைக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். ஒருவர் மட்டுமே அமரலாம்; தலைக்குமேல் கூரை இல்லை. அதன் மிகுதியான வேகம் மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். இன்று நெடுஞ்சாலையில் விரையும் பந்தய மகிழுந்துகள் அவ்வேகத்தைத் தாண்டிவிடும். அன்றோ அது வானின் விரைவான விமானங்களுள் ஒன்று.

அவ்விமானத்தில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று விமானிக்கு நேர்முன்னே பொருத்தப்பட்டிருந்தது. துப்பாக்கிக்கு முன்னால் விமானத்தை இழுத்துச் செல்லும் காற்றாடி சுழன்றுகொண்டிருக்கும். அப்படியானால் குண்டு காற்றாடியைத் தாக்கி உடைத்துவிடாதா? போரிட்ட நாடுகள் அனைத்தையும் வாட்டிய கேள்வி இது. காற்றாடியின் அலகு துப்பாக்கி முனைக்கு நேராக வரும் கணத்தில் சுடாமலும், அது விலகிய கணத்தில் சுடுமாறும் இயந்திரத்தோடு துப்பாக்கியை இணைத்தனர். ஆங்கிலேய விமானங்களில் இதற்குப் பயன்பட்ட அமைப்பை உருவாக்கியவர் கான்ஸ்டான்டினெஸ்கு என்னும் ருமேனியப் பொறியாளர். எண்ணெய் நிரம்பிய குழாயில் அழுத்த அலைகளைச் செலுத்தி, இயந்திரத்தின் சுழற்சியைத் துப்பாக்கிக்கு உணர்த்தும் முறை அது. மற்றொரு துப்பாக்கி மேற்சிறகின்மீது இருந்தது. அது காற்றாடிக்கு மேலாகச் சுடும். ஆனால், வட்டு வடிவக் குண்டுப்பேழை தீர்ந்துவிட்டால், விமானி ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் துப்பாக்கியைத் தன்னை நோக்கி இழுத்து, முகத்தில் அறையும் காற்றில் பழைய பேழையைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அதனைச் சண்டையின் நடுவே செய்ய நேரும்போது நிலைமை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பதினைந்தாயிரம் அடி உயரத்தில் குளிர் எலும்பை ஊடுருவும். தோல் மேலங்கி, மென்மயிர்க் காலணி, முகத்தில் கொழுப்புப் பூச்சு ஆகியவையே காப்பு. மூச்சுக்குத் துணையாக உயிர்வளிக் கருவி இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆங்கிலேய விமானிகளுக்குப் பாராசூட் வழங்கப்படவில்லை. நீர்வளி நிரப்பிய பலூன்களில் தொங்கி எதிரியின் நடமாட்டத்தை நோக்கியவர்களுக்கு அது இருந்தது. ஜெர்மானிய விமானிகளுக்கும் 1918இல் வழங்கத் தொடங்கினர். பாராசூட்டின் எடையும் பருமனும் ஒரு காரணமாகக் கூறப்பட்டன. தப்பிக்க வழியிருந்தால் விமானி போரிடாமல் விமானத்தைக் கைவிட்டுவிடுவான் என்ற எண்ணமும் மேலிடத்தில் சிலருக்கு இருந்தது. மரமும் துணியும் எரிநெய்யும் சேர்ந்த விமானம் நடுவானில் தீப்பற்றினால், உள்ளே இருப்பவருக்குப் போக்கிடம் இல்லை. பறந்தவர் அனைவரும் இதனை அறிந்தே பறந்தனர்.

இறந்தவர் கதவைத் தட்டினார்

படையணியில் சேர்ந்து ஐந்து வாரங்கள் கடந்திருந்தன. 1917ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் இந்திரலாலின் விமானம் தரையில் மோதி நொறுங்கியது. மயங்கிக் கிடந்த அவரை இறந்தவர் எனக் கருதிப் பிணவறையில் கிடத்தினர் என்றும், அங்கே உணர்வு திரும்பிய அவர் உள்ளிருந்து கதவைத் தட்ட, காவலிருந்தோர் அஞ்சிக் கதவைத் திறக்கத் தயங்கினர் என்றும் ஒரு செய்தி அவரைப் பற்றிய நூல்களில் தொடர்ந்து சொல்லப்பட்டு வருகிறது. வீரர்களைச் சுற்றி இத்தகைய கதைகள் வளர்வது இயல்பே. கதையை ஒதுக்கிவிட்டாலும் காயம் ஒதுங்காது. பறப்பதற்குத் தகுதியற்றவர் என மருத்துவர்கள் அறிவித்து, அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினர்.

அங்கே உடல்நலம் தேறிவந்த மாதங்களில் அவர் வரைந்தார். ஒன்றையொன்று துரத்தும் விமானங்கள், சாய்ந்து திரும்பும் சிறகுகள், முகில்களின் இடையே நிகழும் சண்டைகள் என அவர் கோட்டோவியங்கள் வானத்தை விட்டு அகலவேயில்லை. அவற்றுள் பல இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. பிறர் அவரைப் பற்றி எழுதியவை பக்கம் பக்கமாக உள்ளன. அவர் தம் கையால் விட்டுச்சென்றவற்றுள் இந்த ஓவியங்களே நெஞ்சுக்கு நெருக்கமானவை. படுக்கையில் கிடந்த பத்தொன்பது வயது இளைஞர் எதனை நினைத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அவையே நேர்ச்சான்று.

இங்கிலாந்திலேயே தங்கி, தரையில் செய்யத்தக்க பணி ஒன்றைப் பெற்றுப் போர் முடியும்வரை அவர் காத்திருந்திருக்கலாம். அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், மருத்துவச் சோதனையில் மீண்டும் தேறி, 1918 ஜூனில் பிரான்சுக்குத் திரும்பினார். இதற்கிடையே, ஏப்ரல் 1ஆம் நாள் இங்கிலாந்தின் தரைப்படை விமானப் பிரிவும் கடற்படை விமானப் பிரிவும் இணைந்து 'ராயல் ஏர் ஃபோர்ஸ்' என்னும் தனிப்படை உருவாகியிருந்தது. அப்படையின் 40ஆம் படையணியில் அவர் சேர்க்கப்பட்டார்.

ஜூலைத் திங்கள்

அங்கே அவருக்குத் தலைவராக வாய்த்தவர் ஜார்ஜ் மெக்கெல்ராய் என்னும் ஐரிஷ் விமானி. நாற்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகள் அவர் பெயரில் பதிவாகியுள்ளன. அவர் தந்த பயிற்சி இந்திரலாலைப் புதிய மனிதராக்கியது.

ஜூலை 6ஆம் நாள் இந்திரலாலின் முதல் வெற்றி பதிவாயிற்று. 8ஆம் நாள் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13ஆம் நாள் இரண்டு. 15ஆம் நாள் இரண்டு. 18ஆம் நாள் ஒன்று. 19ஆம் நாள் ஒன்று. ஆகப் பத்து. ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியவரை 'ஏஸ்' என்று அழைப்பது விமானப்படை வழக்கு. முதல் உலகப்போரில் அத்தகுதியைப் பெற்ற ஒரே இந்தியர் இந்திரலால் ராய்.

இந்தப் பத்து என்னும் எண்ணை அப்படியே விழுங்கிவிடாமல் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவருக்கு வழங்கப்பட்ட விருதின் குறிப்பு, பதின்மூன்று நாள்களில் ஒன்பது விமானங்கள் என்று கூறுகிறது. பின்னர் ஆவணங்களை ஒப்பிட்டவர்கள் பத்து என்று கணக்கிட்டனர். அப்பத்திலும் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. தரையில் விழுந்து நொறுங்கியதைக் கண்ணால் கண்டவை 'அழிக்கப்பட்டவை' எனப் பதியப்பட்டன. கட்டுப்பாடு இழந்து சுழன்று வீழ்ந்து, முகிலிலோ மூட்டத்திலோ மறைந்தவை 'கட்டுப்பாடிழந்தவை' எனப் பதியப்பட்டன. இவ்விருவகையிலும் இந்திரலாலுக்கு ஐவைந்து உண்டு. ஒவ்வொரு வகையிலும் ஒன்று சக விமானியோடு பகிர்ந்துகொண்ட வெற்றி. கட்டுப்பாடிழந்த விமானங்களுள் சில கீழே சென்று தப்பியிருக்கவும் கூடும். வான்போர் நொடிப்பொழுதில் நிகழ்வது. கண்டவர் கண்டது மட்டுமே ஏடேறும்.

மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. முதல் நாளிலும் இறுதி நாளிலும் அவர் வீழ்த்தியவை ஹனோவர் வகை விமானங்கள். அவற்றில் ஓட்டுநரும் பின்னிருந்து நோக்குபவரும் ஆக இருவர் செல்வர். அவர்களும் பெரும்பாலும் இந்திரலாலின் வயதையொத்த இளைஞர்களே. வெற்றிப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அப்பால் ஜெர்மனியின் ஏதோ ஓர் ஊரில் ஒரு வீடு இருந்தது.

ஜூலை 22ஆம் நாள் கார்வென் நகரின் மேல் ஃபாக்கர் டி.7 வகை ஜெர்மானிய விமானங்களோடு நிகழ்ந்த சண்டையில் இந்திரலாலின் விமானம் வீழ்ந்தது. அப்பகுதி அப்போது ஜெர்மானியர் வசம் இருந்தது. மூன்று நாள்களுக்கு முன்தான் அவர் தம் இறுதி வெற்றியைப் பெற்றிருந்தார். மொத்தமாகக் கணக்கிட்டால், அவர் வானில் இருந்தது நூற்று எழுபது மணி நேரத்துக்குச் சற்று மிகுதி. ஏழு பகலும் ஏழு இரவும் கொண்ட ஒரு வாரத்தின் அளவு.

நான்கு நாள் கழித்து, 40ஆம் படையணியில் முன்னர் புகழ்பெற்று விளங்கிய மிக் மேனக் தீயில் வீழ்ந்தார். அடுத்த ஐந்தாம் நாள் மெக்கெல்ராய் திரும்பி வரவில்லை. மாணவர், முன்னோடி, ஆசான் என மூவரையும் பத்து நாள்களுக்குள் அந்த வானம் கொண்டுவிட்டது. செப்டம்பரில் இந்திரலாலுக்கு 'டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ்' என்னும் விருது அறிவிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

எவருக்காகப் போரிட்டார்?

இந்திரலாலின் வரலாற்றைப் படிப்போர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. அடிமைப்பட்ட நாட்டின் மகன் ஒருவன், தன் நாட்டை ஆண்டவருக்காக ஏன் உயிர்கொடுத்தான்? இக்கேள்வியை இன்றைய அறிவோடு எழுப்புவது எளிது. 1918இல் அதன் விடை தெளிவாக இல்லை.

போரில் இந்தியா துணைநின்றால் தன்னாட்சி கிட்டும் என்ற எதிர்பார்ப்பு நாடெங்கும் இருந்தது. பொறுப்பாட்சியைப் படிப்படியாக வழங்குவதே நோக்கம் என்று 1917 ஆகஸ்டில் ஆங்கிலேய அரசும் அறிவித்தது. இந்திரலால் கார்வென் வானில் போரிட்ட அதே 1918ஆம் ஆண்டுக் கோடையில், காந்தியடிகள் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, படையில் சேருமாறு உழவர்களை அழைத்துக்கொண்டிருந்தார். அகிம்சையின் பேராசானே அவ்வாறு நம்பிய காலத்தில், இலண்டனில் வளர்ந்த இளைஞர் ஒருவர் நம்பியதில் வியப்பில்லை. அதே வேளையில், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த கதர் இயக்கத்தினர் லாகூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டிருந்தனர் என்பதும் வரலாறே.

நம்பிக்கைக்கு விடை விரைவில் வந்தது. போர் முடிந்த சில மாதங்களில் ரௌலட் சட்டம். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஜாலியன்வாலா பாக். இந்திரலால் வீழ்ந்து ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று ஊகிப்பதால் பயனில்லை. ஆனால், அவரைப் பேரரசின் விசுவாச ஊழியர் என்று ஒரு சொல்லில் அடைப்பதும், விடுதலை வீரர் என்று மற்றொரு சொல்லில் உயர்த்துவதும் அவருக்கு இழைக்கும் அநீதியாகும். இந்தியனால் விமானம் ஓட்ட இயலாது என்ற எண்ணம் அதிகார இருக்கைகளில் அமர்ந்திருந்த காலத்தில், இயலும் என்பதைக் காட்டியவர் அவர். அந்த அளவில் அவர் செயல் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது.

பெயரும் எண்ணும்

அப்போரில் ஆங்கிலேய விமானப் பிரிவில் பறந்த இந்தியர் நால்வர். ஹர்தித் சிங் மாலிக் காலில் குண்டடிபட்டும் உயிர்தப்பி, விடுதலை பெற்ற இந்தியாவின் தூதுவராகி, 1985வரை வாழ்ந்தார். எரோல் சந்தர் சென் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பம்பாயைச் சேர்ந்த ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், இந்திரலாலுக்கு மூன்று வாரங்களுக்கு முன் மாண்டார். அவரைப் புதைத்த ஜெர்மானியர் பெயரைப் பிழையாக எழுதிவிட்டதால், அவர் கல்லறையை அடையாளம் காணவே காலம் பிடித்தது. ஒரு பெயரின் எழுத்துகள் சிதைந்தால் ஒரு தாயின் தேடல் எவ்வளவு நீளும் என்பதற்கு இது சான்று.

இந்திரலாலின் நினைவு இந்தியாவில் மெல்ல வேர்விட்டது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப்படை நிறுவப்பட்டது. அதன் தொடக்ககால விமானிகளுள் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி, 1954இல் அப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். அவர் இந்திரலாலின் உறவினர். கல்கத்தாவின் பவானிப்பூர்ப் பகுதியில் ஒரு தெருவுக்கு இந்திரலாலின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1998 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

இத்தனைக்கும் அவர் ஓர் அதிகாரி. கற்ற குடும்பம், இலண்டன் பள்ளி, வெற்றிப் பட்டியல், விருது ஆகியன அவர் பெயரைத் தாங்கிப் பிடித்தன. முதல் உலகப்போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து சென்றனர். ஏறத்தாழ எழுபத்து நாலாயிரம் பேர் மாண்டனர். எஸ்தவெல்லிலிருந்து வெகுதொலைவில் இல்லாத நொவ் ஷாப்பெல் என்னும் ஊரில், கல்லறையே அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அது 1927இல் திறக்கப்பட்டது. அவர்களுக்கு உடல் கிடைத்த இடம் இல்லை. பெயராவது கல்லில் இருக்கிறது.

மெசபொடேமியாவில், இன்றைய ஈராக்கில், மாண்டவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்திய வீரர்களோ, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அவன் இன்னான் என்பதையும் அவன் செய்ததையும் எழுதிவைத்த மரபு தமிழருடையது. ஆநிரை மீட்டு வீழ்ந்த சிற்றூர் மறவனுக்கும் அக்கல்லில் பெயர் உண்டு. அம்மரபை அறிந்தோர்க்கு, பெயரற்ற அந்த எண்கள் எத்தகைய இழப்பு என்பது விளங்கும். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இப்பாகுபாட்டை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் உள்ளிட்ட குறைந்தது 45,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டதாகவும், மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் குறிக்கப்படாமலோ அறவே நினைக்கப்படாமலோ விடப்பட்டதாகவும் அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. விடுபட்ட பெயர்களைப் பழைய ஏடுகளில் தேடும் பணி அதன்பின் மேற்கொள்ளப்பட்டது.

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 2ஆம் நாள், இந்திரலாலுக்கு இருபது வயது நிறைந்திருக்கும். எஸ்தவெல் ஊரார் கல்லிலுள்ள பிரெஞ்சுச் சொற்களைப் படித்துக் கடந்து செல்கின்றனர். அதே கல்லின் வங்க எழுத்துகள், அவற்றைப் படிக்கத் தெரிந்த யாரேனும் வரும்வரை காத்திருக்கின்றன.